பொழுதோடு சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சர்வர்

விழுப்புரத்தில் என் மாமியார் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு படுத்தபோது, வீட்டில் எல்லோரும் டாக்டரைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் பேசினார்கள். நான் வெப் ஹோஸ்டிங் பற்றிப் பேசினேன். "உனக்கு மரை கழண்டுடுச்சா?" என்று என் கணவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. தினமும் கொஞ்ச நேரமாவது எழுந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நடை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமியார் உட்காரவே மாட்டேன் என்றார். வலி ஒரு பக்கம், மனசு விட்டுப்போனது இன்னொரு பக்கம். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். மேல்சித்தாமூர்த் தேர் எங்களுக்கு எல்லாப் பண்டிகைக்கும் மேலே. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் வடம் தொட்டவர் அவர். "தேருக்கே போவ முடியாது, உக்காந்து இன்னா பண்ணப்போறேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கூடவே இருக்கிற கொழுந்தனாரும் அவர் மனைவியும் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

நான் திண்டிவனத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். கேமரா என் பைத்தியம். தேருக்குப் போனால் கும்பிடுவதைவிடப் படம் எடுப்பதுதான் அதிகம். "சாமி கும்புட வந்தியா, படம் புடிக்க வந்தியா?" என்று மாமியார் வருஷா வருஷம் எல்லோர் முன்னாலும் கேட்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும், இந்த வருஷம் என் படத்தில்தான் நீங்கள் தேர் பார்த்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதில் பாசம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று கேட்டால் எனக்கே தெரியாது. தேரைப் பார்த்தால் அவருக்கு மனசு திரும்பும் என்று மட்டும் உறுதியாக நம்பினேன்.

குடும்ப குரூப்பில் படம் போட்டால் அது சுருங்கிப் போய்ச் சேரும். மாமியார் விரலால் பெரிதாக்கிவிட்டு, "சாமி மூஞ்சியே தெரியல, கூழாட்டம் கீது" என்பார். இணையத்தில் சும்மா கிடைக்கும் இடங்களில் பார்க்கிறவரும் கணக்குத் தொடங்க வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும். அதெல்லாம் அவரிடம் நடக்காது. தொட்டால் படம் திறக்க வேண்டும், விரித்தால் சாமியின் முகம் தெளிவாக நிற்க வேண்டும். அதற்கு எனக்கென்று ஒரு தளம் வேண்டும். "எதுக்கு இந்தப் பேஜாரு? பிரிண்ட் போட்டுக் குடுத்துடேன்" என்றார் கணவர்.

"தேர் அன்னிக்கே பாத்தாத்தாங்க அது தேரு. அடுத்த வாரம் பிரிண்ட்ல பாத்தா அது வெறும் போட்டோ" என்றேன்.

ஹோஸ்டிங், அதாவது தளம் வைக்க இணையத்தில் இடம் வாடகைக்கு, விற்கிற ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். "ஒரு நாளைக்கு எத்தனை பேர் பாப்பாங்க மேடம்?" செஞ்சி, வந்தவாசி, சென்னை, பெங்களூர் என்று உறவுகளை மனசுக்குள் எண்ணி, "ஒரு முந்நூறு பேர் இருப்பாங்க" என்றேன். "அப்போ சின்ன பிளானே தாராளம் மேடம். அன்லிமிடெட்." அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

தேருக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பார்த்தேன். போன வருஷப் படங்களை ஏற்றி, உறவுகளுக்கெல்லாம் இணைப்பு அனுப்பினேன். பகல் முழுக்கத் தளம் பறந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொரு டீச்சராகப் பிடித்து இழுத்துக் காட்டினேன். சாயங்காலம் மாமியார் போன் செய்தார்.

"இன்னாம்மா இது, வட்டம் சுத்திக்கினே கீது. தேர் வருமா வராதா?"

திறந்து பார்த்தால் வெள்ளைப் பக்கம். அளவு மீறிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. அதற்குள் கொழுந்தனார் குரூப்பில், "அண்ணி, அச்சாணி கழண்டுடுச்சுங்களா?" என்று எழுதிவிட்டார். சொந்தமெல்லாம் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தது. எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது.

மறுநாள் காலை அந்த நிறுவனத்தில் சண்டை பிடித்தேன். "இங்க நல்லா ஓடுதே மேடம்" என்றார்கள். பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. படங்களை வைக்க இடம் போதவில்லையோ என்னவோ, பெரிய பிளான் எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். அன்று சாயங்காலமும் தளம் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை மாமியார் திட்டவில்லை. "வுடும்மா. எனக்குக் குடுப்பன இல்ல" என்று போனை வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அழுகையும் ஆத்திரமுமாக அந்தத் தளத்தின் உள்பக்கத்தைக் குடைந்தேன். எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு வரைபடம் இருந்தது. நாள் முழுக்கத் தரையோடு கிடந்த கோடு, சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மட்டும் ஒற்றைப் பனைமரமாக எழும்பி மறுபடியும் தரையில் விழுந்தது. முந்தின நாளும் அதேதான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

நாங்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். செஞ்சியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், பெரியவர் சின்னவர் எல்லோரும் இருட்டுக்கு முன்னால் கை கழுவிவிடுவோம். கை கழுவியதும் குலம் மொத்தமும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறது. மற்றவர்கள் வீட்டில் ஏழு, எட்டு, பத்து என்று பிரிந்து வருகிற கூட்டம், எங்களிடம் ஒரே பந்தியாக உட்கார்ந்துவிடுகிறது. முந்நூறு பேர் என்று சரியாகத்தான் சொன்னேன். முந்நூறும் ஒரே பந்தி என்று சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. பந்தியில் இலை போட இடமில்லாதபோது நான் போய் அரிசி மூட்டை வைக்கிற அறையைப் பெரிதாக்கியிருக்கிறேன்.

மறுபடியும் பல இடங்களுக்குப் போன் போட்டேன். இப்போது என் கேள்வியே வேறு. "ஒரே நேரத்துல எத்தனை பேரைத் தாங்கும்?" பலர் மழுப்பினார்கள். ஒருவர் மட்டும், "எல்லாரும் ஏன் மேடம் ஒரே நேரத்துல வரப்போறாங்க?" என்று கேட்டார்.

"நாங்க ராத்திரி சாப்பிட மாட்டோம்ங்க."

"சாப்பாட்டுக்கும் சர்வருக்கும் இன்னாங்க மேடம் சம்பந்தம்?"

சொன்னேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, என் பழைய பிளானில் ஒரே சர்வர் மெஷினைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எனக்கென்று ஒதுக்கிய பங்கு எடுத்தால் தாங்கும் என்று விளக்கினார். அதையே எடுத்தேன். முகப்பில் சின்னப் படங்களை மட்டும் வைத்து, தொட்டால் முழுப்படம் திறக்கிற மாதிரி நானே அமைத்தேன். இன்னொரு ஒத்திகைக்கு நேரமில்லை. தேர் வந்துவிட்டது.

அன்று காலையிலிருந்து கூட்டத்தில் இடிபட்டு எடுத்தேன். தேர் தெருமுனையில் திரும்பும்போது சாமி நேராக என் பக்கம் பார்த்த ஒரு நொடி கிடைத்தது. கேமராவை இறக்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மத்தியானமே பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து, படங்களை ஏற்றி, குரூப்பில் இணைப்பைப் போட்டேன். பொழுதோடு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

வெயில் மங்கியது. லேப்டாப்பில் கோடு எழுந்தது. எழுந்து, பழைய உயரத்தைத் தாண்டி, இன்னும் எழுந்தது. என் போனில் தொட்டுப் பார்த்தேன். படம் திறந்தது. அடுத்ததைத் தொட்டேன், திறந்தது. எழுந்து நின்று கத்திவிட்டேன். கணவர் பதறி ஓடிவந்தார். பேச முடியாமல் லேப்டாப்பைக் காட்டினேன். அந்த நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். கொழுந்தனார் எடுத்து, "அண்ணி, இருங்க, லைன்லயே இருங்க" என்று குரலைத் தாழ்த்தினார். பின்னால் மாமியார் குரல் கேட்டது.

"டேய், என்ன உக்கார வையிடா. தேரப் படுத்துக்கினா பாக்கறது?"

கட்டில் கிறீச்சிட்டது. அவர் வலியில் முனகினார். தலையணை, முதுகுக்கு இன்னொரு தலையணை என்று யாரோ பரபரத்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

கடைசியில் அவரே போனை வாங்கினார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் அவர் வாயில் வராது.

"இத்தினி பேர எடுத்திருக்க. அடுத்த வருசம் நான் வடம் புடிக்கச்சே என்னையும் எடு. கண்ண மூடிக்கினு கும்புடச்சே எடுத்துத் தொலைக்காத" என்றார்.