மூடி இப்போது ஆரியசாலையில்

பதினெட்டாம் நூற்றாண்டுக் கறுப்பு டீ பாட்களைத் தேடி நான் அலைவது உங்களுக்குத் தெரியும். இதுவரை கிடைத்தது ஒரு மூடி மட்டும்.

இன்று ஆரியசாலையில் ஒரு பழைய பாத்திரக் கடை. கடைக்கார அக்கா கையில் அதே கறுப்பு டீ பாட், மூடிக்குப் பதில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. கல்சட்டியைப் பழக்குவதுபோல எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது கல்சட்டி இல்ல. இங்கிலாந்துல சுட்ட மண்ணு. இருநூறு வருசத்துக்கும் மேல பழசு."

"அப்போ நல்லா பழகியிருக்கும்லா?"

விலைக்குக் கேட்டேன்.

"இது கச்சவடத்துக்கு இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரு இடுப்பு ஒடிஞ்சு கெடக்காரு. இந்த மூக்கு வழியாத்தான் கஞ்சித்தண்ணி குடிக்காரு."

"ஸ்டீல்ல ஒண்ணு வாங்கித் தரேன்."

"உதடு சுட்டுப் பொள்ளும். நீங்க குடிச்சுப் பாருங்களேன்."

எனக்குப் பொறுமை கிடையாது. கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மூடியை எடுத்து வந்தேன். ஜோடி என்று நிரூபித்தால் மனம் மாறுவார் என்று ஒரு கணக்கு. வெர்னியர் அளவுகோல் வைத்து மூடியையும் பாட்டின் வாயையும் அளந்தேன். அதற்குள் கஞ்சி ஊற்றியிருந்த டீ பாட் மேலிருந்த சிரட்டையை எடுத்துவிட்டு மூடியை வைத்தேன். கச்சிதம்.

கொஞ்ச நேரம் கழித்து, கடைக்கு உள்ளே கட்டிலில் கிடந்த அக்காவின் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கேட்டார்: "இன்னைக்கு ஆறவே இல்லியே?"

"இந்தத் தம்பி மூடி கொண்டாந்திருக்கு."

மூடியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆக, என் சேகரிப்பில் மிச்சம் ஒரு வெர்னியர். யாரிடமாவது கறுப்பு டீ பாட் இருந்தால் சொல்லுங்கள். அதில் யாராவது கஞ்சி குடிக்கிறார்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.