என் கம்பெனியில் நான் வாங்கிய சம்பளம்

வடக்குத்து என்ற ஊரில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்ஷாப். பக்கத்துச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்களைப் பழுது பார்ப்போம். பல வருஷம் அதற்கு நான்தான் முதலாளி. பில் பாஸானால் வேண்டியதை எடுப்பேன், அரிசி வாங்குவேன், வருஷத்துக்கு ஒரு தடவை வரி கட்டுவேன். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

கெடுத்தது என் மாமனார். சுரங்கத்தில் பெர்மனென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாணத்தில் யாரிடமோ என்னைக் காட்டி, "மாப்பிள்ளை காண்ட்ராக்ட்ல இருக்காரு" என்றார். சீக்குக்காரனைப் பற்றிச் சொல்வது மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடுத்த மாதமே பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்துவிட்டேன். இரண்டு டைரக்டர் வேண்டுமாம். நானும் என் மனைவியும். பங்கு ஆளுக்குப் பாதி. 'நிர்வாக இயக்குநர்' என்று கார்டு அடித்து முதல் கார்டை மாமனாரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "சம்பளம் யாரு தருவாங்க?" என்றார்.

பண்ருட்டியில் எங்கள் ஆடிட்டர் ஒரு இளம்பெண். "சார், கம்பெனி வேற, நீங்க வேற. சம்பளமா எடுத்தா உங்க கையில மட்டும்தான் வரி. லாபமா விட்டா முதல்ல கம்பெனி வரி கட்டணும். மிச்சத்த டிவிடெண்டா எடுத்தா நீங்க இன்னொரு தடவ கட்டணும்" என்றார்.

நன்றாகத் தலையாட்டினேன். என் பேரில் வரியே வரக்கூடாது என்று சம்பளத்தை ரொம்பக் குறைவாக வைத்தேன். போர்டு தீர்மானத்தில் கையெழுத்துப் போட அடுப்படியிலிருந்து வந்த இன்னொரு டைரக்டர், "நம்ம வெல்டரே இதுக்கு மேல வாங்குறாரே" என்றாள்.

அந்தச் சம்பளத்தில் மாடி கட்ட முடியுமா? கம்பெனிக் கணக்கில் கை வைத்தேன். ஜல்லிக்கு ஒரு செக், டைல்ஸுக்கு ஒரு செக். கொடுப்பவனும் நான், வாங்குபவனும் நான், தகராறே இல்லை.

மார்ச் முடிந்து கணக்கு போனதும் ஆடிட்டர் போன் செய்தார். "இதெல்லாம் என்ன சார்?"

"கடன்மா. குடுத்துடுவேன்."

"லாபம் வெச்சிருக்கிற கம்பெனி உங்கள மாதிரி பெரிய பங்குதாரருக்குக் கடன் குடுத்தா, அதையும் டிவிடெண்டுன்னுதான் சட்டம் எடுத்துக்கும்."

"நாளைக்கே திருப்பிக் கட்டிட்டா?"

"கட்டுங்க சார். வரியும் கட்டுங்க."

சொந்தக் கம்பெனியில் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு வருமான வரி கட்டிய புத்திசாலி எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். கார் வாங்க வைத்திருந்த பணம் அதில் போனது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இனிமேல் ஒழுங்கான சம்பளம் எடுக்கச் சொல்லிப் போன் செய்தார் ஆடிட்டர். மனைவிக்கும் ஒன்று போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"மேடம் நிஜமாவே வேலை பாக்குறாங்களா? பேருக்குன்னா செல்லாது சார்."

மனைவி போனைப் பிடுங்கினாள். "ஆளுங்க வருகைப் பதிவு, பி.எஃப்., பில்லுக்கு ஆபீஸ் ஆபீஸா நிக்கிறது, எல்லாம் நான்தாம்மா பாத்துக்கினு இருக்கேன். இவரு டீ குடிச்சிக்கினு இருக்காரு."

எங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம் என்று தீர்மானமானது. போன மாதம் வீட்டுக்குக் கேட் போட கம்பெனியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போர்டு ஒத்துக்கல" என்றாள்.

வாசலில் இப்போதைக்குத் தகரத் தட்டிதான்.