சுடாத தார்ச்சாலை

தைப்பூசத்தன்று மதியம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் பால்குடத்தோடு நின்றேன். வெறுங்கால். தார் கொதித்தது. முன்னால் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளினார்கள். நான் அசையவில்லை. “பாரு, முருகன் எப்படித் தாங்குறான்!” என்று என் கணவரின் அக்கா ஊருக்கே கேட்கச் சொன்னார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். யாரோ ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அதற்கு முன்பே பசாரில் (சந்தையில்) செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). கிளினிக்கில் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்: “இனிப்பு நீர் இருந்தா கால் அப்படித்தான் இருக்கும்லா, அக்கா.” என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? ம்ஹூம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மகன் விபத்தில் பிழைத்தபோது ஆயுசுக்கும் சைவம் என்று வேண்டிக்கொண்டேன். முட்டையும் போனது. இனிப்பு நீர் வந்ததும் பாலையும் தயிரையும் நானே விட்டேன். கடையில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மட்டும். சத்துக்கு, சீனர் சைவக் கடையில் சோயாவில் செய்த ‘மட்டன்’. கறி மாதிரியே இருந்ததால் கறியின் சத்தும் இருக்கும் என்று வீட்டில் எல்லோருமே நம்பினோம்.

கொப்புளத்துக்கு மருந்து போட்ட ஆஸ்பத்திரி டாக்டர்தான் முதலில் கேட்டார். “ஆன்ட்டி, பால், முட்டை ஏதாவது சாப்பிடுவீங்களா?”

இல்லை என்றதும் ரத்தம் எடுக்கச் சொன்னார். பி12 (நரம்பின் உறையைக் காக்கும் வைட்டமின்) அடிமட்டத்தில் இருந்தது. இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் அது இயல்பாகக் கிடைக்குமாம். நான் வருடக்கணக்கில் விழுங்கிய மெட்ஃபார்மின் (இனிப்பு நீர் மாத்திரை) அது உடம்பில் சேருவதையும் குறைக்குமாம்.

“உணர்ச்சி திரும்புமா டாக்டர்?”

“நிறைய திரும்பலாம். முழுசா வருமான்னு சொல்ல முடியாது. இனிமே வெறுங்காலோட நடக்காதீங்க.”

பி12 ஊசி ஆரம்பித்ததும் அண்ணி வந்தார். “அதை எதுல செய்றாங்களோ! வேண்டுதல் என்ன ஆகும்?”

எனக்கு வந்ததே கோபம்! “கிருமியை வளர்த்து எடுக்குறாங்க அண்ணி, ஆட்டை வெட்டி இல்ல. ஊரே கும்பிட்ட அந்தக் காலு செத்துக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா?”

சைவத்தை நான் விடவில்லை. முருகனோடு எனக்குச் சண்டையும் இல்லை. பாலும் தயிரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. சைவமாக இருந்துகொண்டு மெட்ஃபார்மின் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களே, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காதில் விழாவிட்டால் சத்தம் போட்டுக் கேளுங்கள்.

நரம்புக்கு நம் அவசரம் புரியாது. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் குளிக்கும்போது குதிகாலில் தண்ணீர் பட்டது தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இந்தத் தைப்பூசத்துக்குச் செருப்போடுதான் போனேன். அதே சாலை, அதே வெயில். டாக்டர் திட்டுவார் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. செருப்பைக் கழற்றித் தாரில் கால் வைத்தேன்.

“ஐயோ, சுடுதே!”

யாரோ சிரித்தார்கள். அண்ணி குனிந்து, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை என் காலில் ஊற்றினார்.

“இன்னும் ஊத்துங்க அண்ணி,” என்றேன். இடது கால் சுண்டுவிரலுக்குத் தண்ணீர் பட்டது இன்னும் தெரியவில்லை.