எட்டுக் கினிப்பன்றிகளின் கூச்சல்

மொன்டானாவில் எங்கள் ஊர் ஆய்வகத்தில், ரத்தக்கசிவுக் காய்ச்சல்களுக்கு மருந்து தேடுகிறார்கள். அங்கே கினிப்பன்றிகளைப் பராமரிப்பவள் லோர்னா ட்வெட். அதற்கு முன்பு மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்தாள். அந்தக் காய்ச்சல்களில் ஒன்றான லாசாவின் கிருமி ஏற்றியவை பத்தாம் நாளில் தீனியைத் தொடாமல் சுருண்டுவிடும். பத்தொன்பது வருடங்களாக அவள் அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

இந்தமுறை எட்டுக்குக் காய்ச்சல் கண்ட பிறகு புது மருந்து கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாள் காலை, காற்றுக்குழாய் மாட்டிய பாதுகாப்பு உடையில் உள்ளே போனாள். மருந்து கொடுக்காதவை சுருண்டு கிடந்தன. மருந்து கொடுத்த எட்டின் கிண்ணங்களும் காலி. உடைக்குள் இருக்கும் காற்று சில நிமிடம் தாங்கும்; நம்ப முடியாமல் குழாயைச் சற்று நேரம் கழற்றினாள். காற்றின் இரைச்சல் அடங்கியதும் கேட்டது: எட்டும் புல்லுக்காகக் கீச்சிட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

குழாயை மறுபடி மாட்டி, வெளியே இருந்த ஆய்வாளர் ஹாகனை ரேடியோவில் கூப்பிட்டாள்.

“சொல்லுங்க லோர்னா, எத்தனை போச்சு?” அவன் குரலே இறங்கியிருந்தது.

“மருந்து குடுத்ததுல ஒண்ணுகூடப் போகல. பசியில கத்துதுங்க. ஒண்ணு என்னைக் கடிக்க வந்துச்சு.”

“ஐயோ, கையுறை கிழிஞ்சுதா?”

“இல்லப்பா! கடிக்கத் தெம்பு வந்துருச்சுன்னு சொல்றேன். எழுதிக்கோ.”

ஹாகன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஏதோ சத்தம் எழுப்பினான். லோர்னாவுக்கோ அந்த உடைக்குள் கண்ணைத் துடைக்க வழியில்லை. அப்படியே எட்டுக்கும் புல் வைத்தாள்.