ஹோலியன்று நீக்கப்பட்ட பெயர்கள்

திரையில் தன் பெயரைப் பார்த்ததும் வள்ளியம்மைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். அவள் பெயர்தான்.

ஜூலை மாதம், இரண்டாவது வாரம். டெல்லியின் மேற்கே இருக்கும் அந்த அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. மாணவர் பதிவுப் பிரிவின் சன்னலுக்கு வெளியே வெயிலில் நீண்ட வரிசை. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் வள்ளியம்மை. அருப்புக்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். கல்யாணமாகிக் கணவன் ஜோதிலிங்கத்தோடு டெல்லி ஜனக்புரிக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. அதில் இருபத்திரண்டு வருடம் இந்த நாற்காலியைச் சுற்றித்தான் போனது.

அவள் வேலையில் சேர்ந்தபோது கணினி கிடையாது. பெரிய பதிவேடுகள். ஒரு மாணவன் பெயரை அடிக்க வேண்டுமென்றால் அவன் எழுதிக்கொடுத்த கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். கடிதம் இல்லாமல் ஒரு பெயரையும் அவள் அடித்ததில்லை. தன் வேலையில் அவளுக்குப் பெருமை என்று ஏதாவது இருந்தால் அது அதுதான்.

சன்னலுக்கு வெளியே நின்ற பெண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்பிகா. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா பவுனு தெற்கு டெல்லியில் ஐந்து வீடுகளில் வேலை செய்கிறாள். அம்பிகா பிறந்ததே டெல்லியில்தான். மின்னணுவியல் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் நன்றாகத்தான் படித்தாள். பிறகு அவர்கள் குடியிருப்பை இடித்து, எல்லோரையும் நகரத்தின் வடக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் வர இரண்டரை மணி நேரம், திரும்பிப் போக இரண்டரை மணி நேரம். வருகைப்பதிவு குறைந்தது. தேர்வெழுத விடவில்லை. அன்று இதே சன்னலில் வந்து அழுதவளை வள்ளியம்மை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "எட்டு வருஷம் வரைக்கும் உம் பேரு இங்கதான் இருக்கும். யாரும் எடுக்க முடியாது. எப்ப முடியுதோ அப்ப வந்து விட்ட எடத்துல இருந்து படி."

அந்தப் பேச்சை நம்பிப் போன பெண் இரண்டு வருடம் ஒரு கூரியர் கிடங்கில் பொட்டலங்களை ஸ்கேன் செய்தாள். இப்போது கல்லூரிக்குப் பக்கத்தில் உத்தம் நகரில் மூன்று பெண்களாகச் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொண்டு, கட்டணத்துக்கான வங்கி டிராஃப்டோடு வந்து நிற்கிறாள்.

"ஆன்ட்டி, ஆ கயீ! வந்துட்டேன்," என்று சிரித்தாள்.

திரை சொன்னது: மாணவியின் சொந்த விருப்பத்தின் பேரில் சேர்க்கை ரத்து. தேதி: மார்ச் 14, மாலை 4 மணி. மாற்றம் செய்தவர்: வள்ளியம்மை ஜோதிலிங்கம்.

"அம்பிகா, நீ கேன்சல் பண்ணச் சொல்லி ஏதாச்சும் எழுதிக் குடுத்தியா?"

"கேன்சலா? நான் எதுக்கு ஆன்ட்டி குடுப்பேன்? நீங்கதானே சொன்னீங்க, நாம் ரஹேகா, பேரு இருக்கும்னு?"

வள்ளியம்மை சுவரோரம் கைகாட்டினாள். "அந்த பெஞ்சுல போயி உக்காரு," என்றாள். சொல்லும்போதே தேதி உறைத்தது. மார்ச் பதினான்கு ஹோலி. பல்கலைக்கழகமே பூட்டிக் கிடந்த நாள். அன்று மாலை நான்கு மணிக்கு அவள் பால்கனியில் மேல்வீட்டுப் பிள்ளைகள் கொட்டிய சிவப்புச் சாயத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றைய தேதியில் ரத்தான பெயர்களையெல்லாம் தேடினாள். பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருமே 2021-இல் சேர்ந்து, நடுவில் நின்றுபோனவர்கள். எல்லோருக்கும் ஒரே காரணம்: சொந்த விருப்பம். ஒரு கடிதமும் கோப்பில் இல்லை.

கணக்குப் படித்தவளுக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. 2021-இல் சேர்ந்தவர்கள் ஆயிரத்து நூற்று எண்பது பேர். இந்த ஜூனில் பட்டம் முடித்தவர்கள் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று. அதாவது நூற்றுக்கு அறுபத்தேழு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேராதவர்களாக ஆக்கிவிட்டால் எண்ணூற்று அறுபத்தெட்டில் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. வாசலில் கட்டியிருந்த பேனரில் அந்த எண்தான் ஆள் உயரத்துக்கு இருந்தது. ஒரு பிள்ளையைக்கூடக் கூடுதலாகப் படிக்கவைக்கவில்லை. ஒரு பேருந்து விடவில்லை, ஒரு விடுதி அறை கட்டவில்லை. படிக்க முடியாமல் போனவர்களை அழித்துவிட்டு, எல்லோரும் படித்துவிட்டதாக எழுதிவிட்டார்கள்.

அதையும் அவள் கையால் செய்ததாக எழுதிவிட்டார்கள்.

எப்படி என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. மார்ச் முதல் வாரம், தரவரிசைக்கான புள்ளிவிவரம் தயாரிக்க வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். அதிலிருந்து அபினவ் என்ற இளைஞன் வந்தான். அவன் உட்காருவதற்குள் துணைப் பதிவாளர் சந்திரமௌலியிடமிருந்து இன்டர்காமில் அழைப்பு. "அந்தப் பையனுக்கு உங்க பாஸ்வேர்டைக் குடுத்துடுங்கோ. சும்மா பார்க்கறதுக்குத்தான்." அவளும் ஒரு துண்டுத் தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். தமிழ்க்காரர், நம்மைக் கவிழ்க்கவா போகிறார் என்ற நினைப்பு. அதை நினைத்தபோது அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே இருந்தது.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

சந்திரமௌலி கரோல் பாகில் பிறந்து வளர்ந்து, இப்போது துவாரகாவில் இருப்பவர். அலுவலகத்தில் அவளிடம் மட்டும் தமிழில் பேசுவார். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"உக்காருங்கோ. இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? எல்லா யூனிவர்சிட்டியும் டேட்டாவை க்ளீன் பண்றது. நாமளும் பண்ணினோம்."

"க்ளீனா? கடிதாசி இல்லாம முன்னூறு பிள்ளைகளோட சீட்டைப் பறிச்சிருக்கீங்க சார். அதுவும் எம் பேருல."

"பறிக்கறதா? அவா எல்லாம் போய்ட்டா. பாதியில நின்னவா திரும்பி வர்றதே இல்லை. ரேங்க் வந்தாத்தான் கிராண்ட் வரும், கிராண்ட் வந்தாத்தான் லேப், ஹாஸ்டல் எல்லாம். வராதவாளுக்காக வந்தவாளைப் பட்டினி போட முடியுமா?"

"வந்திருக்கா சார்."

"யாரு?"

"ஒருத்தி. கீழ பெஞ்சுல உக்காந்திருக்கா. கட்டணத்தோட வந்திருக்கா. எந்திரிச்சு வந்து அவகிட்ட சொல்லுங்க, நீ வரவே இல்லைன்னு."

அவர் சிறிது நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அச்சா. ஒண்ணு பண்ணுவோம். அந்தப் பொண்ணை மட்டும் திரும்பச் சேர்த்துடலாம். தப்பா ரத்தாயிடுத்துன்னு ஒரு ஆர்டர் போட்டுத் தரேன், ஜல்தி முடிச்சுடுங்கோ. மீதியைக் கிளற வேண்டாம். நம்மளுக்குள்ள இருக்கட்டும்."

வள்ளியம்மைக்கு அந்தத் தாள்களை அவர் முகத்தில் வீசிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. ஆனால் கீழே அந்தப் பெண் காத்திருக்கிறாள். "ஆர்டரைப் போடுங்க சார்," என்று மட்டும் சொன்னாள். உத்தரவைத் தட்டச்சு செய்து, அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தும் வரை அங்கேயே நின்றாள். அதில் ஒரு வரி இருந்தது: மாணவியிடமிருந்து விண்ணப்பம் எதுவும் பெறாமல் தவறுதலாக ரத்து செய்யப்பட்டது. அவரே எழுதியது.

அம்பிகா கட்டணம் கட்டி, மூன்றாம் ஆண்டுப் பதிவு முடிந்து, அடையாள அட்டையும் கழுத்தில் ஏறியது. அதற்குப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை வள்ளியம்மை வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மட்டும் சொன்னாள்.

ஜோதிலிங்கம் பொதுத்துறை நிறுவனமொன்றில் முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைக் காலை, இட்லித் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டார்.

"பாஸ்வேர்டு நீதான குடுத்த?"

"ஆமா. தப்புத்தான்."

"அதை வச்சித்தான் உன்னையப் பிடிப்பாக."

"பிடிக்கட்டுங்க. என்னையப் பிடிக்கட்டும். எட்டு வருஷம் பேரு இருக்கும்னு அந்த சன்னல்ல உக்காந்து எத்தனை பேருகிட்ட சொல்லிருக்கேன் தெரியுமா? அத்தனையும் பொய்யாப் போச்சு. சோத்துல கை வைக்க முடியலை எனக்கு."

அவர் தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "என்ன செய்யப் போற?"

"விதியில இருக்கிறதைத்தான் செய்யப் போறேன்."

பல்கலைக்கழக விதிப் புத்தகத்தில் யாரும் கவனிக்காத ஒரு பிரிவு இருந்தது. சேர்க்கை ரத்தானால் பதிவுப் பிரிவு அந்த மாணவருக்கு வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மார்ச்சில் யாரும் ஒரு கடிதமும் அனுப்பவில்லை. அனுப்புகிற அதிகாரம் கண்காணிப்பாளருக்கு. யார் அனுமதியும் வேண்டாம். வள்ளியம்மை மீதி முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் கடிதம் தயாரித்தாள். "நீங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் சேர்க்கை மார்ச் 14 அன்று ரத்து செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. நீங்கள் அவ்வாறு கேட்கவில்லை என்றால் எழுதித் தெரிவிக்கவும்." இந்தியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தபால் பிரிவுக்காரர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம்ஜி, யாருக்காவது கல்யாணமா?" என்று கேட்டார்.

நான்காம் நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. இந்தியில், பஞ்சாபியில், போஜ்புரியில் கத்தினார்கள். எழுதியும் அனுப்பினார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் கடையைப் பார்க்கப் போன பையன் ஒருவன், அடுத்த வருடம் வரத்தான் இருந்தேன் என்று எழுதியிருந்தான். தன் மகன் இறந்து ஒன்றரை வருடமாகிறது, அவன் எப்படி மார்ச்சில் விண்ணப்பம் கொடுத்தான் என்று ஒரு தாய் கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வள்ளியம்மை அரை மணி நேரம் சன்னலை மூடிவைத்தாள். சிலர், எங்களுக்குப் படிப்பே வேண்டாம், ரத்தானது ரத்தாகவே இருக்கட்டும் என்றும் எழுதினார்கள். ஒரு பெண் ஒரே வரி எழுதியிருந்தாள்: என்னை நீக்கியவர் பெயர் எனக்கு வேண்டும். வள்ளியம்மை அதற்குப் பதில் எழுதினாள்: பதிவில் இருப்பது என் பெயர். ஆட்சேபத்தை உடனே அனுப்புங்கள்.

சந்திரமௌலி இந்த முறை கீழே இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. ஊழியர்கள் முன்னாலேயே இரைந்தார்.

"நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னேனா இல்லையா? வாக்குக் குடுத்துட்டு முதுகுல குத்தறேளே!"

"நான் எந்த வாக்கும் குடுக்கலை சார். ஆர்டரைப் போடுங்கன்னேன். போட்டீங்க."

"உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு போட்டுண்டிருக்கேள்."

"ஹோலியன்னிக்கு நீங்க போட்டுட்டீங்க. நான் இப்பத்தான் பாத்தேன்."

கடிதங்கள் போன இருபத்தைந்தாம் நாள் அவளுக்குக் குற்றச்சாட்டு ஆணை வந்தது. மாணவர்களின் பெயரை அழித்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்தது, மேலதிகாரியைக் கேட்காமல் கடிதம் அனுப்பிப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுத்தது, இரண்டுதான். விசாரணைக்கு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவர் இந்தியில் கேட்டார். கடவுச்சொல் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறேன் என்றாள். யார் கேட்டுக் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அது இந்த விசாரணையின் வரம்பில் இல்லை என்றார் அவர். "அப்படியானால் 'வரம்பில் இல்லை' என்பதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, எழுதும் வரை கையெழுத்துப் போட மறுத்தாள். கடைசியில் எழுதினார்கள். அம்பிகாவைத் திரும்பச் சேர்த்த உத்தரவின் நகலையும் அந்தக் கோப்பில் வைக்கச் செய்தாள்.

அந்த உத்தரவைத்தான் அவர்களால் தாண்ட முடியவில்லை. ஒருத்திக்குத் தவறுதலாக ரத்தானது என்று துணைப் பதிவாளரே கையெழுத்திட்ட பிறகு, ஆட்சேபம் அனுப்பிய நூற்று இருபத்தேழு பேருக்கும் இல்லை என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. செப்டம்பரில் கல்விக்குழு கூடி அத்தனை பேரையும் திரும்பப் பதிவில் சேர்த்தது. தீர்மானத்தில் 'மனிதாபிமான அடிப்படையில்' என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்தபோது வள்ளியம்மைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மனிதாபிமானமாம்!" என்று ஜோதிலிங்கத்திடம் கத்தினாள். "எடுத்ததைத் திருப்பி வைக்கிறதுக்குப் பேரு மனிதாபிமானமா? திருடினவன் தர்மம் பண்ண மாதிரி எழுதிருக்கான் பாருங்க!"

அவளுக்கு மூன்று வருட ஊதிய உயர்வு நிறுத்தம். நூலகத்தின் அடித்தளத்தில் பழைய விடைத்தாள்கள் வைக்கும் அறைக்கு மாற்றம். சந்திரமௌலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அபினவின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் நீண்டது. பேனர் சேர்க்கை முடியும் வரை தொங்கியது. இந்த வருடக் கையேட்டில் பட்டம் பெற்றோர் விகிதம் என்ற வரியையே காணோம். பொய்யை எழுத முடியாமல் போனதும் உண்மையை எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை.

நூற்று இருபத்தேழு பேரில் நாற்பத்தொரு பேர் இதுவரை வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள். அம்பிகா முதல் பருவத்தில் ஐந்து தாள் தேறி, ஒன்றில் தோற்றாள். தேறாத பிள்ளைகளைப் பற்றிப் பேசவே வெட்கப்படும் அந்தக் கட்டடத்தில், அவள் மறுதேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு நேராக அடித்தளத்துக்கு வந்து, "ஏக் ரஹ் கயா ஆன்ட்டி, ஒண்ணு நின்னுபோச்சு, அடுத்த தடவை எடுத்துருவேன்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுபத்து நான்கு கடிதங்கள் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தன. அந்த உறைகளை வள்ளியம்மை பதிவுப் பிரிவில் விட்டுவிட்டு வரவில்லை. விடைத்தாள் அறையில் ஓர் அலமாரியை ஒழித்து அவற்றை அடுக்கியிருக்கிறாள். மதிய உணவு நேரத்தில் பழைய விண்ணப்பங்களில் உள்ள கைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைக்கிறாள். கிடைத்தவர்கள் எழுதித் தரும் ஆட்சேப விண்ணப்பத்தை, முப்பது நாள் கெடு முடிந்துவிட்டது என்று பதிவுப் பிரிவு திருப்பி அனுப்புகிறது. கடிதமே கையில் கிடைக்காதவனுக்குக் கெடு எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டு, அதே விண்ணப்பத்தை அவள் மறுபடி மேலே அனுப்புகிறாள். இதுவரை ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள்.