வாப்பாவின் ஒப்பத்துக்குக் கீழே

நான் கிராம உத்தியோகத்தர். எங்கள் பிரிவில் வதிவிடச் சான்றிதழோ நற்சான்றிதழோ என் ஒப்பம் இல்லாமல் நகராது. அப்படிப்பட்ட எனக்கு என் கலியாணத்தில் ஒப்பம் வைக்க இடமில்லை.

கல்முனையில் எங்கள் வீட்டுக்குக் காவின் என்ற கலியாணப் பதிவை எழுத வந்த பதிவாளர், மாப்பிள்ளையிடம் ஒப்பம் வாங்கிவிட்டுப் பேனையை வாப்பாவிடம் நீட்டினார். ஆண்கள் நிறைந்திருந்த கூடத்துக்கு மணப்பெண் வருவது வழக்கமில்லை. வந்தேன்.

"நான் எங்க ஒப்பம் வைக்கிற?"

"பொண்ணுக்குத் தேவல்ல மகள். வாப்பா வெச்சாப் போதும். சட்டம் அப்படித்தான்."

"உங்கட மகன்ட வேலைக்கு நான் குடுத்த நற்சான்றிதழ்ல என்ட ஒப்பம் செல்லும். என்ட கலியாணத்துக்குச் செல்லாதா?"

உம்மா கதவடியில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தா. வாப்பா பேனையை மூடினார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்காத மனிதர் அவர்.

"மகள் வைக்காம நானும் வைக்க மாட்டன்."

பதிவாளர் வாப்பா ஒப்பம் வைக்கும் இடத்துக்குக் கீழே, ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். "வைங்க. ஆனா இதுக்குச் சட்டத்துல பெறுமதி இல்ல."

வைத்தேன். பிறகு வாப்பா மேலே வைத்தார். பெறுமதி இல்லையாம்! முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி வருடக்கணக்காகக் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கதைக்கட்டும். திருத்தி முடித்து வரும்போது எனக்கு இடம் தேட வேண்டியதில்லை. வாப்பாவின் ஒப்பத்துக்குக் கீழே நான் ஏற்கெனவே இருக்கிறேன்.