மிஸ் ஆர்லிஸின் நடு அட்டை

எங்கள் பள்ளியில் நான் ஒரு நாளும் தவறாமல் போன இடம் சாப்பாட்டுக்கூடம் மட்டும்தான். அங்கே கரண்டி பிடிப்பவர் ஆர்லிஸ் வான்டெஹை. நாங்கள் மிஸ் ஆர்லிஸ் என்போம். வயது அறுபத்து மூன்று. ஊரே பனியில் உறைந்து கிடக்கும்போதும் அரைக்கைச் சட்டையோடுதான் இருப்பார். அடுப்புச் சூடு போதுமாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சமைப்பார். அத்தனை பேரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் ஸாஸ்ட்ரோ.

அவர் மாட்டுப்பண்ணையில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை பால் கறக்கும்போது அவருடைய அப்பா தொழுவத்து ரேடியோவில் கால்பந்து ஆட்டம் வைப்பார். எங்கள் கால்பந்தில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. ஒருவன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். அவனைச் சாய்க்க வருகிறவர்களை முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்கள் நெஞ்சைக் கொடுத்துத் தடுப்பார்கள். ரேடியோக்காரர் ஓடினவன் பெயரை மட்டும் சொல்வார். அந்த ஐந்து பேர் பெயர் என்ன என்று ஒன்பது வயது ஆர்லிஸ் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு, இன்னும் விடவில்லை.

ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அதில் கையெழுத்தும் இருந்தால் மதிப்பு ஏறும். ஆனால் முன்வரிசைத் தடியர்களை யாரும் சீந்த மாட்டார்கள். கடையில் செருப்பு டப்பாவில் குவிந்து கிடப்பார்கள். மிஸ் ஆர்லிஸ் அவர்களைத்தான் பொறுக்கி எடுப்பார். ஓய்வு பெற்று எங்கெங்கோ குடியிருக்கிற அந்தக் கிழவர்களின் முகவரியைத் தேடிப் பிடிப்பார். வழவழப்பான அட்டையில் மை நிற்காது என்பதற்காகக் குழந்தைப் பவுடரைத் தொட்டு, பஞ்சால் மெல்லத் தேய்ப்பார். பிறகு அட்டை, ஒரு கடிதம், திரும்பி வருவதற்குத் தன் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர், மூன்றையும் சேர்த்து அனுப்புவார்.

கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கும்: உங்க அம்மா சமைச்சதுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?

கிழவர்கள் கையெழுத்தோடு சமையல் குறிப்பும் அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் தட்டில் அதுதான். கோஸ் ரோல் தின்றோம், பீட்ரூட் சூப் குடித்தோம், ஆட்டு ஈரல்கூட வந்தது. யாரோ ஒரு தடியனின் அம்மாவைத் திட்டிக்கொண்டே தட்டை வழித்தோம்.

சமையலறைச் சுவரில் ஒரு நீளமான சட்டம் தொங்கும். எழுபத்தொன்பதாம் வருடத்து எங்கள் மாநில அணியின் முன்வரிசை அது. ஐந்து குழி, நான்கு அட்டை. நடுக்குழி காலி. அந்த இடத்துக்காரர் ஆர்வில் டெஷ். டுலூத் என்ற ஊரில் இருக்கிறார். ஒன்பது வருடமாக எழுதியும் பதில் இல்லை. மிஸ் ஆர்லிஸ் குழம்பு கிண்டும்போது கண் அந்தக் காலிக் குழிக்குப் போய்த் திரும்புவதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

அக்டோபரில் நான் பால் இயந்திரத்தில் பச்சைச் சாயம் கலந்தேன். அதற்காக ஒரு வாரம் தட்டு கழுவ வைத்தார். பழி வாங்காமல் விடுவேனா? கடையில் கால் டாலர் கொடுத்து அதே ஆர்வில் டெஷ் அட்டை ஒன்று வாங்கினேன். மிஸ் ஆர்லிஸ் தன் முகவரி எழுதி அடுக்கி வைத்திருந்த கவர்களில் ஒன்றை உருவினேன். அட்டையில் கையெழுத்துக் கிறுக்கினேன். பவுடர் போட மறந்துவிட்டேன். மை முத்து முத்தாகத் திரண்டு நின்றது. ஆட்டத்தில் விரல் உடைந்த கிழவன் கை இப்படித்தான் இருக்கும் என்று என்னையே பாராட்டிக்கொண்டேன்.

சமையல் குறிப்புதான் முக்கியம். எல்லோரும் குமட்டுகிற மாதிரி ஏதாவது எழுத நினைத்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதினேன்: வேகவைத்த மக்ரோனி, டின் மீன், நறுக்கின ஊறுகாய் வெள்ளரி, மேலே நொறுக்கின உருளைக்கிழங்கு சிப்ஸ், அப்படியே கரண்ட் அடுப்பான அவனில் வைக்க வேண்டும். 'கரண்ட் கட்டணம் கட்டாத மாசத்துல, பக்கத்து வீட்டு அவன்ல வச்சு எடுத்து வருவாங்க எங்கம்மா' என்று ஒரு வரியும் சேர்த்தேன். கவரை லாரி ஓட்டும் என் மாமா பையன் டுலூத்தில் தபால் பெட்டியில் போட்டான்.

கவர் வந்த அன்று மிஸ் ஆர்லிஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சட்டத்தில் வைக்கவில்லை. கண்ணாடி இறுகிப் போச்சு, கோர்டி வந்து கழற்றணும் என்றார். கோர்டி அவர் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை அதையே சமைத்தார். எல்லோரும் குமட்டப்போவதை வேடிக்கை பார்க்க முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஒருவனும் குமட்டவில்லை. நான் ஒரு வாய் வைத்தேன். பிறகு இரண்டாவது தட்டு. பிறகு மூன்றாவது. என் அம்மா வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் முகாமில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். நான் மாமா வீட்டில். ஆகஸ்டிலிருந்து அம்மா போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. அதற்கெல்லாம் இங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. மூன்று தட்டு தின்றேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிசம்பரில் இடி விழுந்தது. ஆப்பிள்டனில் நடக்கும் அட்டைச் சந்தைக்கு ஆர்வில் டெஷ் நேரிலேயே வருகிறாராம். மிஸ் ஆர்லிஸ் என் தட்டில் உருளைக்கிழங்கு மசியலை வைத்துவிட்டு, "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ரெடியா இரு ஸாஸ்ட்ரோ. அந்தச் சட்டத்தைத் தூக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

அவர் அந்த மனிதரிடம் போய்க் கடிதத்துக்கு நன்றி சொல்வார். அந்த மனிதர் என்ன கடிதம் என்பார். ஒன்பது வருடம் காத்திருந்த ஒரு பெண்ணின் முகம் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் என்ன ஆகும் என்று யோசித்ததில் வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

சந்தையில், கையெழுத்து வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டேன். "மிஸ் ஆர்லிஸ், அந்த லெட்டர் அவர் எழுதினது இல்ல. நான்தான்."

"தெரியும். இடத்தை விட்டு நகராத, பின்னாடி இருக்கிற ஆளு புகுந்துடுவான்."

அவர் பையிலிருந்து ஒரு டெஷ் அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். படத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை, எதையுமே படித்ததில்லை. 'கைக்குழந்தையிலேயே தாயை இழந்த ஆர்விலை வளர்த்தவர் லாரி ஓட்டுநரான தந்தை.'

"இவருக்கு மட்டும் நான் அம்மாவைப் பத்திக் கேட்கவே இல்லடா. அப்பா என்ன சமைப்பாருன்னுதான் ஒன்பது வருஷமா கேட்டேன். நான் கேட்காத கேள்விக்கு யாரோ பதில் எழுதியிருந்தான். நீ மூணு தட்டு தின்னதும் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சமைச்சீங்க?"

"யாரோ ஒருத்தனோட அம்மா செஞ்சதுதானே" என்றார். வரிசை நகர்ந்தது.

ஆர்வில் டெஷ் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. மிஸ் ஆர்லிஸ் தன் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடிதங்கள் எல்லாம் வந்தன, ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, கராஜில் ஒரு டப்பாவில் இருக்கின்றன என்றார்.

"எங்கப்பாவைப் பத்திக் கேட்ட ஒரே ஆளு நீங்கதாம்மா. ஒவ்வொரு தடவையும் எழுத உட்காருவேன். அவருக்குச் சமைக்கவே தெரியாதுன்னு எப்படி எழுதறது? பீன்ஸ் டின்னை லாரி இன்ஜின் மேல வச்சுடுவாரு. நாப்பது மைல் போனா சூடாயிடும். ரோட்டோரமா நிறுத்தி ரெண்டு பேரும் ஒரே கரண்டியில சாப்பிடுவோம். அதைவிட ருசியா நான் எங்கயும் சாப்பிட்டதில்ல."

மிஸ் ஆர்லிஸ் பவுடர் போட்டுத் தேய்த்த அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். டெஷ் கையெழுத்திட்டார். ஒரு சொட்டு மை திரளவில்லை. கண்ணாடி இறுகவும் இல்லை. மிஸ் ஆர்லிஸ் அங்கேயே ஒரு விரலால் திறந்து நடுக்குழியில் வைத்தார். ஐந்து தடியர்களையும் நான்தான் கார் வரைக்கும் தூக்கிப் போனேன். கீழே வைக்கச் சொன்னபோதும் வைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் வரைக்கும் திட்டு வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் வந்தது இது: "அந்த மக்ரோனியில உப்பு கொஞ்சம் தூக்கலாயிடுச்சு. நீ அளவு எழுதல. உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

"அவங்க வேலையில இருப்பாங்க."

"சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு எல்லா வேலையிலயும் இருக்கு, ஸாஸ்ட்ரோ."

காரிலேயே போன் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா. என் குரலைக் கேட்டதும் யார் செத்துப் போனது என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, மக்ரோனிக்கு உப்பு எவ்வளவு என்றேன். மிஸ் ஆர்லிஸ் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"உப்பே போடக்கூடாதுடா" என்றாள் அம்மா. "சிப்ஸ்லயே இருக்குல்ல. அப்புறம், ஊறுகா வெள்ளரியை அவன்ல வைக்காத. வெளிய எடுத்தப்புறம் மேல தூவணும். எத்தனை பேருக்கு?"

"இருநூத்துப் பன்னெண்டு பேருக்கு" என்றேன்.